உளி பிடித்தவரின் பெயர்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஆறு, சொல்லிவைத்ததுபோல ஒரே பொருளைத் தொட்டிருந்தன. முதற் கடிதம் ஒரு பூங்காவைக் கேட்டது. மற்றவை சிலை, கல், சீமெந்து, பழைய உளி என வெவ்வேறு வாசல்களால் நுழைந்து அதே முற்றத்தில் வந்து நின்றன. ஆகையால் ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பக்கங்களை முழுவதும் சிற்பிகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகளைப் பார்க்க வெளிநாடு சென்றிருந்தபோது, ஒரு சிறு நகரத்தின் நடுவே, அவ்வூர்ச் சிற்பிகளை நினைவுகூர்வதற்கென்றே அமைக்கப்பட்ட சின்னஞ்சிறு பூங்கா ஒன்றைக் கண்டேன். நான்கு மரங்கள், இரண்டு மூன்று சிற்பங்கள், பெயர்கள் பொறித்த ஒரு கல், அவ்வளவுதான். இத்தனை கோயில்களும் இத்தனை சிற்ப வேலையும் உள்ள நம் திருகோணமலையில் அப்படி ஓர் இடம் அமைய முடியாதா, ஐயா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி)

பதில்: முடியும், அம்மா. கால் ஏக்கர், அதாவது நாற்பது பேர்ச்சஸ் நிலம் போதும். ஆனால் நிலத்தைத் தேடுவதற்கு முன்னர் தேட வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கண்ட பூங்காவில் உங்கள் மனத்தில் தங்கியது பெயர்கள் பொறித்த அந்தக் கல் என்பது உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளிலிருந்து எனக்குப் புரிந்தது. அந்தக் கல்லில் வெட்டுவதற்கு நம்மிடம் எத்தனை பெயர்கள் இருக்கின்றன?

பிரெட்ரிக் கோட்டையின் வாசலில் பதிந்துள்ள பழைய கல்லெழுத்தை நம்மில் பலரும் கடந்து போயிருக்கிறோம். கோணேசர் கோயில் திருப்பணி செய்த குளக்கோட்டன் என்ற மன்னனின் பெயர் அதில் இருக்கிறது. அந்தத் திருப்பணியைப் பிரிக்க வந்த பறங்கியரும் அதில் இருக்கிறார்கள். கட்டுவித்தவரையும் இடித்தவரையும் நினைவில் வைத்திருக்கும் அந்தக் கல், தூணையும் அதன் தலையில் அமரும் போதிகையையும் செதுக்கிய ஒருவரைக்கூடச் சொல்லவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தியபோது, அந்தக் கற்களில் படிந்திருந்த கைகளின் வேலையும் சுவருக்குள் போயிற்று. பின்னர், 1950 ஆம் ஆண்டில் நகரசபையினர் கிணறு தோண்டியபோது, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. சோழர் காலத்துக் கலையழகு கொண்ட அந்தத் திருமேனிகளை வணங்குகிறோம், புகழ்கிறோம். வார்ப்பதற்காக அவற்றுக்கு முதலில் மெழுகில் உருப்பிடித்தவரின் பெயர் நமக்குத் தெரியாது.

நம் மரபில் சிற்பி பெயரை விரும்பமாட்டார், எல்லாவற்றையும் இறைவனுக்கே விட்டுவிடுவார் என்று பலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. திருமேனிக்குக் கண் திறக்கும் வரை சிற்பியின் கையில் இருப்பது, கும்பாபிஷேகம் முடிந்தபின் அவரே தொட முடியாததாகிவிடுகிறது. அந்த விலகலை மனதார ஏற்றவர்கள் அவர்கள். ஆயினும் பெயர் பொறிக்கும் வழக்கமே நம்மிடம் இல்லை என்பது தவறு. 1010 ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, அதை வடித்த பெருந்தச்சன் குஞ்சரமல்லனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்தில், அதில் வேலை செய்த சிற்பிகளின் உருவங்களே அளவுகோலுடனும் பெயர்களுடனும் செதுக்கப்பட்டுள்ளன. அரசனும் ஆலயமும் விரும்பியபோது சிற்பியின் பெயர் கல்லில் ஏறியது. பெயர் இல்லாத இடங்களில் அவர் மறுத்தார் என்று கொள்வதைவிட, யாரும் கேட்கவில்லை என்று கொள்வதே எனக்கு நேர்மையாகப்படுகிறது.

எனவே பூங்காவுக்கு முந்திய வேலை பெயர் தேடும் வேலை. மிகப் பழைய காலத்தை விட்டுவிடுவோம். கடந்த நூறு ஆண்டுகளையாவது மீட்கலாம். கோயில்கள் வெளியிட்ட கும்பாபிஷேக மலர்களை எடுத்துப் பாருங்கள். அறங்காவலர், உபயகாரர், வாழ்த்துரை வழங்கியோர் என்று பக்கம் பக்கமாகச் சென்று, கடைசியில் நன்றியுரையின் ஓரத்தில், கோபுரச் சுதை வேலை செய்த ஆசாரியார் இன்னார் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் நமக்கு வேண்டியது. தேரின் சட்டத்திலும் வாகனங்களின் அடிப்பலகையிலும் செய்தவர் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருப்பதுண்டு. அடுத்த முறை வர்ணம் பூசும்போது அது மறைந்துவிடும் என்பதால், பூசுமுன் ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும். கோயில் கணக்குப் புத்தகங்களில் கூலி எழுதிய பக்கங்கள் உள்ளன. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் தொகுப்பிலும் இத்தகைய மலர்கள் பல உண்டு. போரும் 2004 ஆம் ஆண்டின் கடற்கோளும் வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவற்றை நிறைய அழித்துவிட்டன. ஆகவே இந்தத் தேடலை இன்னும் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால், நினைவாகச் சொல்லக்கூடிய முதியவர்களும் இருக்கமாட்டார்கள்.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் கண்டிப் பகுதிக் கைவினைஞரைப் பற்றிப் பெருநூல் வெளியிட்டபோது, வேலையை மட்டும் எழுதவில்லை. கருவி, அளவு, நிலமானியம், குடும்பம், தொழில் கற்ற முறை என்று வேலை செய்தவரின் வாழ்வையும் சேர்த்தே எழுதினார். நம் மாவட்டத்துக்கு அப்படி ஒரு பதிவு வேண்டும். அது நூலாக வராவிட்டாலும் ஒரு கொப்பியிலாவது தொடங்கட்டும்.

யார் உள்ளூர்ச் சிற்பி என்ற கேள்வியும் எழும். இங்கே பிறந்தவரோடு, யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து, மாதக்கணக்கில் கோயில் மடத்தில் தங்கி, இங்கே வேலை செய்துவிட்டுத் திரும்பியவரும் அந்தக் கல்லில் இடம்பெற வேண்டும் என்பது என் நிலைப்பாடு. தேவாலயத்துக்கு மரச் சொரூபம் செதுக்கியவரும், பள்ளிவாசலின் கதவுக்குப் பூவேலை செய்தவரும், விகாரைக்குப் படிமம் அமைத்தவரும் இதே தொழிற்குடும்பத்தினர்தான். நம் மாவட்டத்துப் பௌத்த வெல்கம் விகாரையைத் தமிழ்க் கல்வெட்டுகள் சோழ மன்னன் பெயரால் இராசராசப் பெரும்பள்ளி என்று அழைக்கின்றன. இந்த மண்ணில் கல்வேலை ஒரு மதத்துக்குள் அடங்கி நின்றதில்லை. பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெட்டப்படட்டும்.

பூங்காவுக்குள் என்ன வைப்பது? முழுமையான சிலைகளைக் குறைவாகவே வைக்கலாம். முடிந்த வேலையைக் கோயிலில் எப்போதும் பார்க்கலாம். முடியாத வேலையைப் பார்க்கும் வாய்ப்புத்தான் மக்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே உருவத்தை நான்கு கற்களில் நான்கு நிலைகளில் நிறுத்தலாம்: செங்காவியால் கோடு போட்ட பாறை, பருவெட்டாக ஒதுக்கிய நிலை, உறுப்புகள் பிரிந்த நிலை, மெருகேறிய நிலை. தரையில் பதித்த ஒரு பலகைக் கல்லில், உருவத்தின் உறுப்பளவுகளை வகுக்கும் தாலமானக் கோடுகளைக் கீறிவைக்கலாம். அந்த அளவு முறைகளுள் ஒன்றான உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலக் கூறுகளாகப் பிரிக்கப்படும். அந்த அங்குலம் கடைக்கோலின் அங்குலமன்று. உருவத்தின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவு. பிள்ளைகள் அந்தக் கோடுகளின்மேல் படுத்துத் தம் உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒரு மூலையில் ஓலைக் கொட்டில் போட்டு, வார இறுதியில் ஒரு சிற்பியோ தச்சரோ அங்கே இருந்து, தமக்கு உரிய கூலியுடன், வேலை செய்ய வேண்டும். கூலி என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது மரியாதையாகாது.

இடம், உட்துறைமுக வீதிப் பக்கமாயினும் டச்சுக் குடாக் கரையாயினும், நடந்து போகக்கூடியதாக இருக்கட்டும். நிழலுக்கு வேம்பும் பூவரசும் இலுப்பையும் நடலாம். இலுப்பை தேர்த்தச்சருக்கு வேண்டிய மரமாதலால் அது அங்கே நிற்பதற்குப் பொருளும் உண்டு. கோட்டையிலிருந்து மான்கள் நகருக்குள் உலாவும் ஊர் நம்முடையது. இளங்கன்றுகளுக்கு ஆளுயரக் கூடு கட்டாவிட்டால் முதல் வாரத்திலேயே இலை மிஞ்சாது.

கேள்வி: சந்திகளில் வைக்கப்படும் சிலைகளின் பீடத்தில் திறந்துவைத்தவர், நிதி வழங்கியவர், தலைமை தாங்கியவர் எல்லோரும் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு சிலையில் என் பெயரைச் சேர்க்கும்படி கேட்டபோது, பணம் வாங்கிவிட்டீர்தானே என்றார்கள். இது சரியா? (இளம் சிற்பி, தம்பலகாமம்)

பதில்: தம்பி, சரியன்று. அது மரியாதைக் குறைவு மட்டுமன்று, சட்டத்துக்கும் பொருந்தாது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் சிற்பத்தையும் பாதுகாக்கப்படும் படைப்பாகவே கொள்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சிலையை ஒப்படைத்தால் அந்தப் பொருள் வாங்கியவருக்கு உரியதாகும். ஆனால் நடைமுறைக்கு இயன்ற அளவில் அதனோடு உம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையும், உம் மதிப்பைக் கெடுக்கும் வகையில் அதைச் சிதைப்பதையோ மாற்றுவதையோ எதிர்க்கும் உரிமையும் ஆக்கியோன் என்ற முறையில் உமக்கு உண்டு. அவை ஒழுக்க உரிமைகள் எனப்படும், கூலியோடு விலைபோவதில்லை.

சட்டத்தைக் காட்டிச் சண்டைக்குப் போவதைவிட, அடுத்த வேலையில் ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு வரியைச் சேர்த்துவிடும்: பீடத்தின் வலப்பக்கத்தில், இன்ன அளவு எழுத்தில், சிற்பியின் பெயரும் ஆண்டும் ஊரும் வெட்டப்படும் என்று. மாபிள் தகட்டில் வேண்டாம். தகடு கழன்றால் பெயரும் போய்விடும். உருவத்தோடு சேர்ந்த பீடக் கல்லிலேயே வெட்டிவிடும். பூங்கா அமைந்தாலும் அமையாவிட்டாலும், ஒவ்வொரு சந்தியிலும் இந்தச் சிறு எழுத்து ஏறிவிட்டால், உப்புவெளி அம்மா கேட்ட பெயர்க் கல் ஊர் முழுவதும் பரவியிருக்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் வயல் திருத்தும்போது செதுக்கு வேலையுள்ள பழைய கல் துண்டுகள் அகப்படுகின்றன. இப்படி ஒரு பூங்கா வந்தால் அவற்றைக் கொண்டுபோய் வைக்கலாமா? (விவசாயி, மூதூர்)

பதில்: வேண்டாம், ஐயா. எடுத்த இடத்தைவிட்டு அசைக்கவும் வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. புதிதாகக் கண்டெடுக்கப்படுபவை அரசுக்கு உரியவை, கண்டவர் அறிவிக்க வேண்டியவர். சட்டத்தை விடுத்துப் பார்த்தாலும், ஒரு கல் எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் பாதி வரலாறு. பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து, பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவித்த கடிதத்தின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பூங்காவுக்கு வேண்டுமானால், அனுமதியோடு ஒரு நகலை இன்றைய சிற்பி ஒருவரைக் கொண்டு செதுக்குவிக்கலாம். அதனால் அவருக்கும் வேலை, பழைய கைக்கும் மரியாதை.

கேள்வி: நான் மேசன். கோயில்களுக்குச் சீமெந்துச் சிலைகளும் செய்கிறேன். கடற்கரையோரம் செய்தவை ஏழெட்டு ஆண்டுகளில் வெடித்து, உள்ளே உள்ள கம்பி தெரிகிறது. பூங்காவில் வைக்கும் சிலைக்கு எது ஏற்றது? (நிலாவெளி)

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. சிலை வைப்பவர்கள் கேட்க மறந்து, பிறகு பழியை மேசன் மேல் போடும் விடயம் இது.

கடற்காற்றில் உள்ள உப்புத்தான் காரணம். அது ஈரத்தோடு சீமெந்தின் நுண்துளைகளால் உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டவுடன் துரு தொடங்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் மேற்பூச்சு வெடிக்கிறது. வெடிப்பால் இன்னும் உப்பும் மழையும் இறங்கும். சிலையின் விரல், மூக்கு, ஆயுதம் போன்ற மெல்லிய உறுப்புகள் முதலில் உடைவதற்குக் காரணம், அங்கே கம்பிக்கு மேல் சீமெந்துப் போர்வை விரற்கடை அளவும் இல்லாமையே. கடலோரத்தில் அந்தப் போர்வை 50 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். விரலுக்கு அது இயலாது. ஆகவே மெல்லிய உறுப்புகளுக்குச் சாதாரணக் கம்பியை விட்டுத் துருவேறா உருக்கை இடுங்கள். உவர்க் கிணற்று நீரும் கழுவாத கடல் மணலும் கலவைக்குள் போனால், உப்பை நாமே உள்ளே வைத்துப் பூட்டியவர்களாவோம். நல்ல நீர், ஆற்று மணல், அவசரப்படாத நீரூற்றல்; வாடைக்காற்று மழை பிடிக்குமுன் வேலை முடிந்து காய்ந்திருக்க வேண்டும்.

சீமெந்தை இழிவாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. வங்கச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938 இல் சாந்திநிகேதனில் ‘சந்தால் குடும்பம்’ என்ற தம் சிற்பத்தைச் சீமெந்தோடு அவ்விடத்துச் செம்புரைக் கல்லையும் கலந்துதான் உருவாக்கினார். வெண்கலத்துக்குப் பணமில்லாத இடத்தில் மண்ணே கைகொடுத்தது. பழைய சுதை வேலைக்காரர் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த பக்குவத்தில், செங்கல்லை உள்ளுடலாக வைத்து உருவம் எழுப்பினர். உள்ளே இரும்பு குறைந்ததால் துருவும் குறைந்தது. அந்தக் கைப்பக்குவம் தெரிந்த முதியவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், பூங்காவின் ஒரு சிலையையாவது அவரைக் கொண்டு செய்விக்க வேண்டும்.

கருங்கல் எல்லாவற்றினும் நீடிக்கும். அதற்கும் ஒரு வேண்டுகோள்: எனாமல் வர்ணம் பூசாதீர்கள். உள்ளே சென்ற ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றிக் கல்லின் மேற்றோலை உரித்துவிடும். ஆண்டுக்கு இருமுறை நல்ல நீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவினாலே போதும். கம்பித் தூரிகையும் அசிட்டும் கூடவே கூடாது. வெண்கலத்தில் படியும் இறுகிய பச்சை அதற்குக் காப்பு. தொட்டால் மாவாக உதிரும் வெளிறிய பச்சை கண்டால் அது நோய், உடனே கவனிக்க வேண்டும்.

கேள்வி: கல்லிலும் ஆண், பெண் உண்டு என்று எங்கள் தாத்தா சொல்கிறார். உண்மையா? (பாடசாலை மாணவி, பாலையூற்று)

பதில்: சிற்பிகளின் பேச்சில் உண்டு, மகளே. சுத்தியலால் தட்டும்போது மணிபோல நீண்டு ஒலிப்பதை ஆண் கல் என்றும், தாளம்போல மென்மையாக ஒலிப்பதைப் பெண் கல் என்றும், ஓசையின்றி மந்தமாக இருப்பதை அலிக் கல் என்றும் வகுத்தார்கள். முதலாவது தேவனுக்கு, இரண்டாவது தேவிக்கு, மூன்றாவது பீடத்துக்கும் தளத்துக்கும். உள்ளே வெடிப்போ மென்பகுதியோ இருந்தால் ஓசை அடங்கிவிடும் என்பதால், இது கல்லின் உடல்நிலையைக் காதால் அறியும் சோதனையும் ஆகும். பூங்கா அமைந்தால் மூன்று கற்களையும் ஒரு சிறு சுத்தியலையும் அங்கே வைக்கச் சொல்வேன். நீயே தட்டிப் பார்க்கலாம். அதுவரை தாத்தாவைக் கூட்டிக்கொண்டு ஒரு சிற்பியின் பட்டறைக்குப் போ. அவர் தட்டிக் காட்டுவார்.

கேள்வி: என் ஐயா நாற்பது ஆண்டுகளாகக் கோயில் வாகனங்களும் மரச் சிற்பங்களும் செய்தவர். அவர் காலமாகிவிட்டார். தொழிலைத் தொடர எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. அவருடைய உளிப்பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அம்மா கொடுக்க மனமில்லாமல் இருக்கிறா. என்ன செய்வது? (சாம்பல்தீவு)

பதில்: கொடுக்க வேண்டாம், தங்கச்சி. உங்கள் அம்மாவின் மனம் சொல்வதுதான் சரி.

பெட்டியை வெளியே எடுத்து, நிழலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஐயா அடுக்கிவைத்திருந்த ஒழுங்கிலேயே கருவிகளை வைத்து முதலில் ஒரு படம் எடுங்கள். அந்த ஒழுங்கு அவர் கை பழகிய ஒழுங்கு. கலைந்தால் திரும்பக் கிடைக்காது. பிறகு ஒவ்வொன்றையும் தனியே எடுங்கள். துருவைத் தேய்க்க வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட்டால் போதும். மரப்பிடிகளைக் கழுவவே வேண்டாம். பிடியில் பெருவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த குழி இருக்கும். அவர் எந்தக் கையால் பிடித்தார், எவ்வளவு அழுத்தினார் என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து, அம்மாவை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த உளிக்கு ஐயா என்ன பெயர் சொன்னார், எதைத் தாமே கொல்லரிடம் சொல்லிச் செய்வித்தார், எந்தக் கோயிலுக்கு எந்த ஆண்டில் எந்த வாகனம், மரம் முதிரையா இலுப்பையா, எங்கிருந்து வந்தது, யாரிடம் தொழில் பழகினார், யாருக்குப் பழக்கினார். அம்மாவின் குரலைத் தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். ஆண்டு சரியாக நினைவில்லாவிட்டால், உங்களில் யார் பிறந்த வருடம், எந்தத் திருவிழாவுக்கு முன் என்று கேட்டால் நினைவு வரும். சொன்ன கோயில்களுக்கு நேரில் சென்று, அந்த வாகனங்களின் அடிப்பலகையைப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்துக்கோ, மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ கருவிகளைக் கொடுக்க விரும்பினால், பட்டியலும் படங்களும் இணைத்த கடிதத்தோடு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். கொடுக்காமல் வீட்டிலேயே வைத்திருப்பதும் தவறன்று. ஈரம் படாத பெட்டியில், உள்ளே ஐயாவின் பெயர் எழுதிய தாளோடு வைத்திருங்கள்.

பெட்டிக்குள் அவருடைய முழக்கோலும் இருக்கக்கூடும். அதில் கத்திமுனையால் சிறு கோடுகள் கீறியிருந்தால், அவை அவர் செய்த வேலைகளின் அளவுகளாக இருக்கலாம். அந்தக் கோலை மட்டும் நல்ல வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து, ஐயாவின் முழுப் பெயரோடும் ஊரோடும் எமக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தின் முதலிடத்தில் அதைப் பிரசுரிக்கிறேன்.